காலண்டர் தாளில் வெளிச்சம் எழுதியவர்

அறுபத்திரண்டுக்கு அடுத்தது என்ன?

ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் சொல்லிவிடும். நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். ஏழு மாதமாக யோசிக்கிறேன், தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் பர்சென்ட். அவர் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியவில்லை.

இந்த ஊரில் மீன் தொட்டிக்கு விளக்கு மாட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். மாட்டிய விளக்கைப் பிரகாசமாக எரியவிட மாட்டேன் என்று அடம்பிடித்தவர் உலகத்திலேயே பர்சென்ட் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

அது அவருடைய பெயர் இல்லை. தி.நகரில் மீன் தொட்டி விற்கும் கடைக்காரர், "எங்க பர்சென்ட்டை அனுப்பறேன் மேடம்" என்று சொல்லி அனுப்பினார். வந்தவரைப் பார்த்தால் என்னைவிட இரண்டு வயது சின்னவர் மாதிரி இருந்தார். லிஃப்ட் இல்லாத எங்கள் மந்தைவெளி வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தவர், வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "முட்டி நாப்பது பர்சென்ட்தான் பாக்கி கீது மேடம்" என்றார். காபி கொடுத்தேன். "எழுவது பர்சென்ட் ஊத்து. ஃபுல்லா ஊத்துனா ஆத்தறதுக்கு எடம் இருக்காது." பெயர்க் காரணம் புரிந்துவிட்டது.

நான் அவரை ஏன் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். மகள் வயிற்றில் இருந்தபோது நான்கு மாதம் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டேன். படுத்தபடி போனில் கடலடிப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் ஒரு காட்சி மனதில் ஒட்டிக்கொண்டது. அனிமோன் என்று ஒரு கடல் பிராணி உண்டு. பார்க்கப் பூ மாதிரி இருக்கும், தமிழில் கடல் சாமந்தி. அதன் விரல்களுக்கு நடுவே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று புகுந்து, போர்வைக்குள் குழந்தை புரளுவதுபோலப் புரண்டுகொண்டிருந்தது. வேறு மீன் தொட்டால் கொட்டுகிற அந்த விரல்கள் இதை மட்டும் தழுவிக்கொண்டன. அதைப் பார்த்து ஏன் அழுதேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

என் கணவர் பயந்துபோய் அடுத்த வாரமே ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டியும் ஒரே ஒரு கோமாளி மீனும் வாங்கி வைத்தார். அனிமோன் வாங்கவில்லை. தொட்டியோடு வந்த விளக்கு மீனைப் பார்க்கப் போதும், அனிமோனை வளர்க்கப் போதாது என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். பாவம் அந்த மீன். தண்ணீர்க் குழாயைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிற ரப்பர் மூடியோடு அது குடும்பம் நடத்த ஆரம்பித்தது. இரவும் பகலும் அதன்மேல் உரசிக்கொண்டே கிடந்தது. குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, விளக்கை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். பதினேழு தடவை யோசித்துத்தான்.

பர்சென்ட் கொண்டுவந்த புது விளக்கு பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுதான் இருந்தது. அதில் ஒரு திருகு. பூஜ்யத்திலிருந்து நூறுவரை எண்கள். மாட்டினார். நான் ஆவலாக நூறில் வைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடிக்காத குறைதான்.

"இன்னா பண்ற நீ? இருவது!"

"இருபதா? பழைய விளக்கே இதைவிடப் பளிச்சுன்னு இருந்ததே."

"உன் கண்ணுக்குப் பளிச்சு. அனிமோன் வவுத்துக்குப் பத்தாது." எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். மகளுக்குத் திட உணவு கொடுக்க நான் போட்ட அட்டவணை அது: முதல் நாள் பருப்புத் தண்ணீர் ஒரு ஸ்பூன், இரண்டாம் நாள் இரண்டு ஸ்பூன். "இது யார் எழுதுனது?"

"நான்தான்."

"அப்போ உனக்கே தெரிஞ்சிக்கீது. பவளத்துக்கும் அனிமோனுக்கும் வெளிச்சம்தான் சோறு. கம்மி வெளிச்சத்துல வளந்தது அது. மொத நாளே இலை போட்டு விருந்து வெச்சின்னா வெளுத்துப்பூடும்."

அனிமோனையும் இரண்டு மூன்று பவளத் துண்டுகளையும் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். நான் முதலில் கேட்டது சட்டப்படி சரிதானா என்றுதான். "கடல்ல கை வெச்சா ஜெயிலு மேடம். இது அடையார்ல ஒரு வூட்டுத் தொட்டில தானா ரெண்டாப் பிரிஞ்சுது. பவளம் அங்கியே வெட்டி வளத்தது" என்றார்.

என் மாமனார் தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் முட்டைக்கே அனுமதி கிடையாது. மீன் வந்ததையே கண்ணை மூடிக்கொண்டுதான் பொறுத்துக்கொண்டார்.

"ஏம்பா, இந்த சாமந்தி என்ன சாப்பிடும்?"

"வெளிச்சம்தான் சாமி. தொண்ணூறு பர்சென்ட் வெளிச்சம்."

"பேஷ். மீதி பத்து?"

"அத்த மட்டும் நீ கேக்காத சாமி."

மாமனார் கேட்கவில்லை. மீதி பத்தை பர்சென்ட் நான் கூப்பிடுகிறபோதெல்லாம் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து, மாமனார் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துப் போட்டுவிடுவார். டப்பாவில் என்ன இருந்தது என்று நானும் கேட்டதில்லை. வாசனையை வைத்து இறால் என்று ஊகம்.

தினம் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னேன். "உன் கைல தாள் குடுத்தா நீ இன்னிக்கே கடைசி வரிய படிச்சிருவ" என்றவர், கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றினார். ஒவ்வொரு நாள் தாளிலும், ராகு காலத்துக்குக் கீழே, பேனாவால் ஒரு எண்ணை எழுதிக்கொண்டே போனார். 20, 21, 22. "காலைல தாள் கிழி. கீழ இன்னா நம்பர் கீதோ அத வை. கிழிக்காம ஏத்தக்கூடாது, சொல்ட்டேன்."

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். அஷ்டமி, நவமி நாட்களில் எண் ஏறாமல் அப்படியே நிற்பதைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பையனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கே!" அவர் உள்ளே போனதும் நான் பர்சென்ட்டிடம் மெதுவாகக் கேட்டேன், அனிமோனுக்கு அஷ்டமி ஆகாதா என்று.

"அதுக்கு இன்னா தெரியும்? நடுவுல ரெஸ்ட் வேணும். நான் ரெஸ்ட்டுன்னு எழுதினா நீ பத்து பேரைக் கேப்ப. அஷ்டமின்னா கம்முனு இருப்ப."

என்னை ஒருமுறை பார்த்தே நூறு பர்சென்ட் தெரிந்துகொண்ட மனிதர் அவர்.

அவருடைய வேறு சில குணங்களையும் சொல்லாவிட்டால் பாவம். தொட்டிமுன் உட்காரும்போது ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டுக்கொள்வார். நீல வெளிச்சத்தில் பவளத்தின் நிறம் அப்போதுதான் தெரியுமாம். ஒருநாள் அதை மாமனார் மூக்கில் மாட்டிவிட்டார். பஞ்சகச்சமும் ஆரஞ்சுக் கண்ணாடியுமாக மாமனார் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "மயில்கழுத்துப் பட்டு மாதிரின்னா இருக்கு!" என்றார். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மனமே இல்லை அவருக்கு.

அப்புறம், போன். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டே தொட்டிக்குள் குனிவார். தொப். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு முறை. முதல் முறை, "அரிசி குடு மேடம், ஈரத்த இஸ்துக்கும்" என்று வாங்கி, எங்கள் அரிசி டிரம்முக்குள்ளேயே புதைத்துவிட்டு நாளை வருகிறேன் என்று போய்விட்டார். மறுநாள் காலை மாமனார் சந்தியாவந்தனத்தில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும்போது, சமையலறையிலிருந்து ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது. அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினேன். பாட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றியது. ஒருவழியாக எடுத்தால், பேசியது பர்சென்ட்தான். "உசுரோட கீதான்னு செக் பண்ணேன் மேடம்." இரண்டாவது போன் பிழைக்கவில்லை. புது எண்ணிலிருந்து அவரே அழைத்தார்.

இன்னொன்று, கூப்பிடாமல் வர மாட்டார். "நல்லா கீற வூட்டுல எனக்கு இன்னா வேல?" என்பார்.

பிறகு நான் செய்த காரியம்.

எங்கள் வீட்டில் காலண்டர் தாள் கிழிப்பது மாமனாரின் உரிமை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேறு யாரும் அதில் கை வைத்துப் பார்த்ததில்லை. குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு, கிழித்த தாளை மடித்து அலமாரி க்ளிப்பில் செருகுவார். கடைச் சாமான் பட்டியல் எழுத அது உதவும். அவர் பெங்களூரில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் பதினாலு நாள் போனார். அன்று விளக்கு இருபத்தெட்டில் இருந்தது. மறுநாள் காலை போனில் கேட்டேன்.

"அப்பா, காலண்டர் தாளை நான் கிழிக்கட்டுமா?"

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்? அப்படியே இருக்கட்டும். நான் வந்து கிழிச்சுக்கறேன்."

கிழிக்காமல் ஏற்றக்கூடாது என்று ஒருவர். நான் வராமல் கிழிக்காதே என்று இன்னொருவர். இரண்டு பேர் சொல்லையும் தட்டக்கூடாது என்று நான். தாளைத் தூக்கி அடுத்த எண்ணைப் பார்க்கக்கூட எனக்குக் குற்ற உணர்ச்சி. பதினாலு நாளும் விளக்கு இருபத்தெட்டிலேயே எரிந்தது.

மாமனார் வந்தார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. குளித்துவிட்டு வந்து, பதினாலு தாளையும் சரக் சரக்கென்று கிழித்தார். அன்றைய தாளில் 40. தாள் சொன்னபடி நான் விளக்கை நாற்பதில் வைத்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய யோசித்தேன். ஆனால் அவர் கைப்பட எழுதியிருக்கிறாரே என்று வைத்தேன்.

மத்தியானம் மகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்க்கிறேன். அனிமோன் வாய் பிளந்து, வெயிலில் மறந்துபோன தக்காளி வற்றல்போலச் சுருங்கிக் கிடந்தது. பவளங்கள் மூடிக்கொண்டு ஓரமெல்லாம் வெளுத்துவிட்டன. மீன் ரப்பர் மூடியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது. உடனே பர்சென்ட்டுக்குப் போன் போட்டுப் பதறினேன். மகளுக்கு ஒரு ஸ்பூன் அதிகமாகிவிட்டால் எப்படிப் பதறுவேனோ அப்படி.

பர்சென்ட் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். முட்டியைப் பற்றிப் பேசவில்லை. தொட்டியைப் பார்க்கவும் இல்லை. நேராகக் காலண்டரிடம் போனார். பிறகு க்ளிப்பில் இருந்த தாள்களை எண்ணினார். எல்லாம் மடிப்பு ஒரே தினுசாக, புதிதாக இருந்தன.

"ஒரே நாள்ல கிழிச்சிக்கினீங்க."

மாமனார் முன்னால் வந்தார். "நான்தாம்பா கிழிச்சேன். அவ மேல தப்பில்ல."

"சாமி, பதினாலு நாள் சாப்பாட்ட ஒரே வேளைல நீ துன்னுவியா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நாள் போனா கிழிக்க வேண்டியதுதானே?"

"நாளு உனக்குப் போச்சு. அதுக்குப் போகலியே!"

பர்சென்ட் விளக்கைப் பதினைந்துக்கு இறக்கினார். அதுவும் போதவில்லை என்று சுற்றுமுற்றும் பார்த்து, மகளின் தொட்டிலுக்குப் போட்டிருந்த கொசுவலையைக் கேட்டார். நாலாக மடித்துத் தொட்டியின்மேல் விரித்தார். வாரம் ஒரு மடிப்பைப் பிரிக்கச் சொன்னார். அதன்பின் தரையில் குந்தி, காலண்டரை மடியில் வைத்து, பழைய எண்களை அடித்துவிட்டு டிசம்பர் முப்பத்தொன்றுவரை புதிதாக எழுதினார். இம்முறை இரண்டு நாளைக்கு ஒன்றுதான் ஏறியது.

"பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"அம்பது பர்சென்ட்." போகும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்னு ஏத்தியே சொல்லலாம். அம்பத்தஞ்சு" என்றார்.

அடுத்த நாள் காலை மாமனார் குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு, காலண்டர்முன் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே நீயே கிழிம்மா."

வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தால்கூட நான் அவ்வளவு மிரண்டிருக்க மாட்டேன். முதல் தாளைக் கோணலாகக் கிழித்தேன். அவர் அதை வாங்கி மடித்து க்ளிப்பில் செருகினார்.

ஐப்பசி மழை முழுக்க கொசுவலையும் காலண்டருமாகவே போனது. ஒரு மடிப்பு பிரிந்தது. இரண்டு மடிப்பு பிரிந்தது. அனிமோன் வாயை மூடியது. விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டு, நுனியில் குமிழ் கட்டின. மகள் பருப்பு சாதத்துக்கு வந்தாள். எதிர்வீட்டுக் குழந்தை ஒரு முழு இட்லி சாப்பிடுகிறதே, நம் குழந்தை பின்தங்கிவிட்டாளா என்று இரண்டு மாதமாக அரித்துக்கொண்டிருந்த கவலையை எப்போது விட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

கார்த்திகையில் ஒரு காலை, பார்த்தால் அனிமோன் அதன் கல்லில் இல்லை. கண்ணாடியில் பாதி தூரம் ஏறியிருந்தது. அலறியடித்துக்கொண்டு போன் செய்தேன்.

"பர்சென்ட், அது நடக்கறது!"

"நடக்கட்டும். எடம் புடிக்கலன்னா நடக்கும். புடிச்ச எடத்துல நிக்கும். நீ ஒன்னியும் பண்ணாத. விளக்க நவுத்தாத, கல்ல நவுத்தாத. குந்தி வேடிக்கை பாரு."

"நீங்க வந்து பாக்கலையா?"

"பேஜாரு ஒன்னும் இல்லியே." பின்னால் மழைச் சத்தமும் யாரோ பாத்திரம் எடுத்துவைக்கும் சத்தமும் கேட்டன. "மேடம், மீன் அதுக்குள்ள பூந்துச்சுன்னா மட்டும் ஒரு போன் போடு. எத்தினி வூட்டுல விளக்கு மாட்டிக்கீறேன்! ஒரு தபாகூட நேர்ல பாத்ததில்ல."

"ஏன்?"

"நல்லா இருந்தா எவன் கூப்புடறான்?"

போடுகிறேன் என்று சொன்னேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

மார்கழி பிறந்த வாரம். தெருவில் பஜனை போய்க்கொண்டிருந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிமுன் உட்கார்ந்திருந்தேன். அனிமோன் நடந்து நடந்து, கடைசியில் அந்த ரப்பர் மூடிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. மீன் வழக்கம்போல மூடியை உரசிக்கொண்டிருந்தது. அனிமோனின் ஒரு விரல் அதன் வாலில் பட்டது. மீன் விலகியது. திரும்பி வந்தது. வயிற்றால் தொட்டுப் பார்த்தது. பிறகு, கதவு திறந்துதான் இருந்தது என்று இப்போதுதான் தெரிந்ததுபோல உள்ளே போய்விட்டது.

"அப்பா!" என்று கத்தினேன். மாமனார் ஈரத் துண்டோடு ஓடி வந்தார். பார்த்தார். "அந்தப் பையனுக்குச் சொல்லு முதல்ல" என்றார்.

அந்த எண் உபயோகத்தில் இல்லை. நாள் முழுக்க முயன்றேன். மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து தி.நகர் கடைக்கே போனேன்.

"பர்சென்ட்டா? போனத் திருப்பித் தண்ணியில போட்டுட்டான் மேடம். நம்பரெல்லாம் போச்சு" என்றார் கடைக்காரர். "ஆத்தோரம் இருந்தாங்க. அங்க எல்லாரையும் காலி பண்ணி ஊருக்கு வெளிய வூடு குடுத்துட்டாங்க. அங்கருந்து இங்க வர்றதுன்னா மூணு பஸ்ஸு. வந்தான்னா சொல்றேன்."

"அவர் பேர் என்ன?"

அவர் யோசித்தார். கடைப் பையனைப் பார்த்தார். "பர்சென்ட்டுதான் மேடம்."

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதித் தாளை நான் கிழித்தபோது அதில் 62 என்று இருந்தது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், "மீதி நேர்ல."

புது வருடக் காலண்டர் மாட்டியாகிவிட்டது. ராகு காலம் இருக்கிறது, குளிகை இருக்கிறது, அஷ்டமியும் நவமியும் இருக்கின்றன. எண்கள் இல்லை. விளக்கு அறுபத்திரண்டிலேயே நிற்கிறது. அந்தப் பழைய தாள், மகளின் சாப்பாட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. மகள் இப்போது நடக்கிறாள். அந்தத் தாளின்முன் நின்று விரலால் தட்டுவாள். மாமனார் தன் பெங்களூர்ப் பேரனின் உபநயனத்துக்குக்கூட வாங்கிக்கொள்ளாத புதுக் கண்ணாடியை, ஆரஞ்சு நிறத்தில், ஒரு கடையில் தேடி வாங்கி வைத்திருக்கிறார்.

பர்சென்ட் ஏன் வீடு தேடி வரவில்லை என்று என் கணவர் கேட்கிறார். எனக்குத் தெரியும். நாங்கள் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீடு நன்றாக இருக்கிற வீடு. எங்கேயோ மூன்று பஸ்ஸுக்கு அப்பால், எங்கள் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அது உண்மையும்கூட. அந்த உண்மையைச் சொல்லத்தான் வழி தெரியவில்லை.

பவளமும் அனிமோனும் வளர்க்கும் வாசகர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அறுபத்து மூன்றுக்கு ஏற்றலாமா, அறுபத்திரண்டே போதுமா? எதையும் ஒன்றுக்கு இரண்டாக விளக்கமாக எழுதுங்கள்; நான் எப்படியும் பத்து தடவை யோசிப்பேன். உங்களில் யார் வீட்டிலாவது தொட்டி விளக்கு பழுதாகி, சட்டைப் பையில் போனோடு ஒருவர் குனிந்தால், முதலில் அந்தப் போனை வாங்கி வைத்துவிடுங்கள். பிறகு அவரிடம் சொல்லுங்கள்: மந்தைவெளி வீட்டில் பேஜார் ஒன்றும் இல்லை. நூறு பர்சென்ட் நன்றாக இருக்கிறது. அதற்காகவே வரச் சொன்னார்கள்.